டிரில் போடாமல் கான்கிரீட் சுவரில் லேன் கேபிள்: ஒரு வாடகை வீட்டின் நிகழ்வு ஆய்வு

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூருக்குத் தெற்கே, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராம் மாடி. மூன்று படுக்கையறை வீடு. வாடகைக்கு இருந்தவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள்காரர். ஃபைபர் இணைப்பின் பெட்டி வாசல் பக்கம், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, ஐந்தடி உயரத்தில். அவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறை வீட்டின் மறுகோடியில். நடுவில் மூன்று கான்கிரீட் சுவர்கள். ஹாலில் வைஃபை பறக்கும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை காணாமல் போய், லேப்டாப் 2.4-க்கு இறங்கி, மீட்டிங்கில் குரல் உடையும்.

பெட்டியிலிருந்து அறை வரை லேன் கேபிள் (நெட்டைக் கம்பி வழியே கொண்டுபோகும் கேபிள்) இழுத்தால் தீர்ந்தது. ஆனால் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் தெளிவாக எழுதி வாங்கியிருந்தார்: சுவரில் ஆணி, டிரில் எதுவும் கூடாது. உதவிக்கு வந்த என்னிடமும் போனில் ஒருமுறை சொன்னார், "தம்பி, எது வேணா பண்ணிக்கோங்க, சுவத்துல ஓட்டை மட்டும் விழக்கூடாது."

அவர் சொல்லாவிட்டாலும் இந்தச் சுவரில் டிரில் போட நான் யோசித்திருப்பேன். இது செங்கல் சுவர் இல்லை. ஊரில் எல்லோரும் மைவான் என்று சொல்கிற அலுமினிய ஃபார்ம்வொர்க் கட்டுமானம். சுவரும் தளமும் ஒன்றாக வார்க்கப்பட்டவை. உள்ளே கம்பி வலை, அதன் நடுவே மின்சாரக் குழாய்கள். சுவரே கட்டடத்தைத் தாங்குகிறது. சாதாரண டிரில் மிஷினில் பிட்டு மழுங்கும். ஹில்ட்டி என்கிற சுத்தியல் டிரில்லைக் கொண்டுவந்தால் பிட்டு சுவரில் இறங்கும், கூடவே பக்கத்து வீட்டுக்காரரும் இறங்கி வருவார். ஸ்டீல் ஆணி வைத்த கேபிள் கிளிப்பைச் சுத்தியலால் அடித்தால் ஆணி வளையும், இல்லையென்றால் பெயின்டுக்கு அடியில் பூசிய பட்டி வட்டமாகப் பெயர்ந்து விழும்.

நான் போனபோது அவரே ஒரு முயற்சி செய்து முடித்திருந்தார். ஆன்லைனில் பிசின் வைத்த பிளாஸ்டிக் கிளிப் ஒரு பாக்கெட் வாங்கி, ஹாலிலிருந்து அறை வரை தோள் உயரத்தில் வரிசையாக ஒட்டி, அதில் கேட்6 வகை லேன் கேபிளை மாட்டியிருந்தார். முதல் வாரம் அழகாக இருந்ததாம். பிறகு ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்து, கேபிள் துணிக்கொடி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. "சார், நல்ல பசை எது, அதச் சொல்லுங்க" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

பசையைப் பற்றிப் பேசும் முன் விழுந்த கிளிப்புகளை எடுத்து வரச் சொன்னேன். நல்லவேளையாக அவர் குப்பையில் போடவில்லை. எந்தக் கிளிப் எந்தச் சுவரில் இருந்தது என்பதும் ஓரளவு நினைவில் இருந்தது. முதுகைத் திருப்பிப் பார்த்தால் மூன்று வகை.

ஹால் சுவரில் இருந்து விழுந்தவற்றின் முதுகு முழுக்க வெள்ளை மாவு. சிலவற்றில் நகம் அளவுக்குப் பெயின்ட் சில்லும் ஒட்டியிருந்தது. அதாவது பசை விடவில்லை. பெயின்டை அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பெயின்ட்தான் கீழேயுள்ள பட்டியை விட்டுவிட்டது. வாடகைக்கு விடும் முன் வீட்டுக்காரர்கள் அடிக்கும் அந்த ஒரு கோட் டிஸ்டெம்பரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கையை வைத்துத் தேய்த்தால் உள்ளங்கை வெளுக்கும். அதன் மேல் எந்த உயர்ந்த டேப்பை ஒட்டினாலும் அது பவுடர் பூசிய நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுதான்.

நடைபாதைச் சுவரில் இருந்து விழுந்தவை வேறு மாதிரி. முதுகு பளபளவென்று சுத்தமாக இருந்தது. மாவும் இல்லை, பெயின்டும் இல்லை. சுவரிலும் தடயம் இல்லை. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. சந்தேகத்தைத் தீர்க்க ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு அந்தச் சுவரில் மூடிவிட்டு மறுநாள் பார்க்கச் சொன்னேன். கான்கிரீட்டின் ஈரத்தைச் சோதிக்க உலகம் முழுக்கச் செய்கிற எளிய சோதனைதான் இது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி4263 என்ற தரக்குறிப்பும் இதே அளவுத் தாளைக் குறைந்தது 16 மணி நேரம் ஒட்டி வைக்கச் சொல்கிறது. மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். ஓதம். கண்ணுக்குத் தெரிகிற கறை இல்லை, கையில் ஈரமும் படவில்லை, ஆனால் சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கான்கிரீட் வழியே வருகிற ஈரம் காரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். பசைக்கும் சுவருக்கும் நடுவே அது புகுந்துவிட்டால் ஒட்டுவதற்கு இடமே இல்லை.

மூன்றாவது வகை மூலைகளில் இருந்தவை. இவற்றில் நடுவில் உள்ள ஸ்பாஞ்சு டேப்பே இரண்டாகக் கிழிந்திருந்தது. பாதி சுவரில், பாதி கிளிப்பில். இங்கே சுவரும் சரி, பசையும் சரி. டேப்பைச் சிறுகச் சிறுக யாரோ இழுத்துக் கிழித்திருக்கிறார்கள். அந்த யாரோ கேபிள்தான்.

கேபிளின் எடையைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 305 மீட்டர் கேட்6 பெட்டி சுமார் 12 கிலோ இருக்கும். மீட்டருக்கு 40 கிராம். ஓரடிக்கு ஒரு கிளிப் என்றால் ஒரு கிளிப்பின் பங்கு 12 கிராம் சொச்சம். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள டேப் இதைத் தாங்காது என்றால் அது டேப்பே இல்லை. (பெட்டி கையில் எடுக்கும்போதே லேசாக இருந்தால் உள்ளே இருப்பது செம்பு இல்லை, செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு என்று அதை வாங்கி வைத்துக்கொண்டு வேகம் வரவில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.)

பிரச்சினை சுருள். பெட்டியில் மாதக்கணக்கில் சுருண்டு கிடந்த கெட்டிக் கம்பிக் கேபிள் மறுபடி சுருளத்தான் பார்க்கும். கேட்6-இல் நான்கு ஜோடியாக முறுக்கிய எட்டு செம்புக் கம்பிகளோடு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தண்டும் இருப்பதால் இன்னும் முறுக்கு. மூலையில் திருப்பும்போது அது சுவரை விட்டு வெளியே தள்ளும். பிசின் டேப்பைச் சுவரோடு சேர்த்துக் கீழ்நோக்கி இழுத்தால் அதன் பரப்பு முழுவதும் சேர்ந்து எதிர்க்கும், நன்றாகத் தாங்கும். சுவரை விட்டு வெளிப்பக்கம், அதுவும் ஓரத்திலிருந்து உரித்தால், அந்த ஒரு ஓரத்தின் மெல்லிய கோடு மட்டுமே எதிர்க்கும். இரவும் பகலும் விடாமல் உரித்துக்கொண்டிருக்கும் சிறு விசைக்கு எந்த ஸ்பாஞ்சு டேப்பும் நாளடைவில் தோற்கும்.

ஆகவே அவர் கேட்ட "நல்ல பசை" இந்த வீட்டுக்கு விடையே இல்லை. பட்டி உதிரும் சுவரில் பசை எவ்வளவு நல்லதோ அவ்வளவு பெரிய பெயின்ட் சில்லைப் பிடுங்கும். அட்வான்ஸில் கை வைக்க வீட்டுக்காரருக்கு அது போதும். பசைக்கு வேலையே கொடுக்காமல் கேபிளைக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரி. கேபிள் நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும் பசையின் பங்காக இருக்க வேண்டும். தாங்குவது வேறு எதுவோ.

அதற்கும் முன்னால் கேபிளே தேவையா என்று ஒரு சுற்றுப் பார்த்தோம். இணைய நிறுவனத்து ஆளை அழைத்துப் பெட்டியையே அறைக்கு மாற்றலாம். ஃபைபர் இழை மெலிது, ஒட்டுவது சுலபம். ஆனால் டிவியும் மற்றவர்களின் போன்களும் ஹாலில்தான், மாற்றினால் பிரச்சினை இடம் மாறுமே தவிர தீராது. சுவருக்குள் இருக்கும் டிவி குழாயில் ஸ்பிரிங் விட்டுப் பார்க்க எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துப் பார்த்தோம். அது ஹாலிலிருந்து நேராக வெளி டக்டுக்குத்தான் போகிறது, அறைப் பக்கம் கிளையே இல்லை. மின் வயர் போகும் குழாயிலேயே சேர்த்து விடலாம் என்று அவர் சொன்னார். 230 வோல்ட் வயரும் லேன் கேபிளும் ஒரே குழாயில் போகக்கூடாது, இன்சுலேஷன் எங்காவது உரிந்தால் ரௌட்டரோடு போகாது, ஆளோடு போகும். அதை அங்கேயே நிறுத்தினேன்.

இந்த வீட்டில் கேபிளைத் தாங்கத் தயாராக இருந்தது ஸ்கர்ட்டிங். தரையோடு சுவர் சேரும் இடத்தில் நான்கு அங்குல உயரத்துக்கு ஒட்டியிருக்கும் அந்த டைல் பட்டை. சில புதிய கட்டடங்களில் அது சுவரோடு சமமாகப் பதிந்திருக்கும். இங்கே சுவரை விட்டு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கேட்6 கேபிளின் விட்டம் சுமார் 6 மில்லிமீட்டர். டைலின் மேல் விளிம்பில் கேபிள் உட்காரும். வீடு முழுக்க யாரோ நமக்காகக் கட்டிவைத்த ஒரு திண்ணை. பசை இல்லாமலே அங்கே அது கிடக்கும், துடைப்பம் தட்டிவிடாமல் இருக்க மட்டும் பிடிப்பு வேண்டும்.

அதற்கு முன் கேபிளின் முறுக்கை எடுக்க வேண்டும். தேவைக்கு மேல் இரண்டு மீட்டர் சேர்த்து வெட்டி, மொட்டை மாடியில் இரண்டு கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே நீளமாக இழுத்துக் கட்டி, மத்தியான வெயிலில் விட்டோம். மேலுறை பி.வி.சி. என்பதால் சூட்டில் இளகிச் சுருளை மறக்கும். இழுக்கும்போது ஒரு அளவு உண்டு. நான்கு ஜோடிக் கேபிளுக்கு 110 நியூட்டன், அதாவது 11 கிலோ எடை தொங்குகிற அளவுக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது தொழில்விதி. அதற்கு மேல் போனால் உள்ளே ஜோடிகளின் முறுக்கு நீண்டுவிடும். கை அழுத்தத்தில் விறைப்பாக நிற்கிற அளவு போதும். வெயில் சாய்ந்து ஆறிய பிறகு அவிழ்த்தால் கேபிள் நேராகக் கிடந்தது. இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிக் கிளிப்புகள் விழாது என்பது என் கணிப்பு. ஆனால் யாரும் செய்வதில்லை, பெட்டியிலிருந்து உருவி அப்படியே ஒட்டத்தான் எல்லோருக்கும் அவசரம்.

ஸ்கர்ட்டிங்கின் மேல் விளிம்பில் மாப் போட்ட அழுக்கும் தரை துடைக்கும் திரவத்தின் பிசுக்கும் படிந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தோம். லைசால், பினாயில் வகையறாவில் துடைத்தால் சுத்தமாகத் தெரியும், ஆனால் ஒரு வழவழப்பை விட்டுவிட்டுப் போகும். அதன் மேல் எதுவும் ஒட்டாது.

பிடிப்புக்கு சிலிக்கான் சீலன்ட், இரண்டடிக்கு ஒரு சொட்டு, டைலின் மேல் மட்டும், சுவர்ப் பெயின்டில் படாமல். இதில் கவனிக்க ஒன்று உண்டு. கடையில் கேட்டால் முதலில் கையில் கொடுப்பது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான். அந்த வாடை அசிட்டிக் அமிலம். சிமென்டின் காரத்தோடு அது வேலை செய்யும், நாளாவட்டத்தில் பிடி தளரும். டியூபில் நியூட்ரல் என்று போட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது என்பதால்தான் சுவரில் அதை அண்டவிடவில்லை. டைலில் இருந்தால் பிளேடால் சீவி எடுத்துவிடலாம். சொட்டு வைத்த இடங்களில் மாஸ்கிங் டேப் போட்டு இரவு முழுக்க அமுக்கி வைத்தோம்.

ஹாட் குளூ கன் வாங்கி வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். குளிர்ந்த டைலில் பட்டவுடன் அது இறுகிவிடும், ஒட்டியதுபோல் தெரிந்தாலும் நகத்தால் நெம்பினால் முழுசாக வரும். மேற்கு ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் இளகவும் செய்யும். ஃபெவிக்விக் கண்ணாடி மாதிரி இறுகிச் சின்ன அதிர்விலேயே விட்டுப்போகும், கேபிள் உறையும் வெளுக்கும். எம்-சீல் பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும், எடுக்கும்போது டைலும் கூட வரும். வாடகை வீட்டுக்கு அது பகை.

இனி கதவுகள். நடைபாதையின் ஒரு பக்கம் குளியலறைக் கதவும் இன்னொரு படுக்கையறைக் கதவும் இருந்தன, மறுபக்கம் சமையலறையின் திறந்த வாசல் மட்டும். ஓதமும் குளியலறைப் பக்கம்தான். அதனால் சமையலறைப் பக்கமே கேபிளைக் கொண்டுபோனோம். நீளம் சற்றுக் கூடியது, ஒரே ஒரு நிலையைச் சுற்றி ஏறி இறங்கினால் போதும் என்று ஆனது. நிலை மரத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்திருந்தது. வழவழப்பான, உதிராத பரப்பு. அங்கே மெல்லிய பி.வி.சி. கேசிங்கை, அதாவது கேபிளை உள்ளே வைத்து மூடும் பட்டையை, நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப்பில் ஒட்டினோம். 3எம் நிறுவனத்தின் வி.எச்.பி. வகை டேப் இது. சரியாக ஒட்டினால் உலோகத் தகடுகளையே பிடிக்கும். ஆனால் ஒட்டியவுடன் முழு பலம் வராது. 20 நிமிடத்தில் பாதி, ஒரு நாளில் பெரும்பகுதி, முழு பலத்துக்கு 72 மணி நேரம். முதலில் காலி கேசிங்கை ஒட்டி, மூன்று நாள் விட்டுவிட்டு, பிறகு வந்து கேபிளை உள்ளே வைத்து மூடியைப் போட்டோம். ஒட்டிய கையோடு கேபிளைத் திணிக்கிறவர்கள்தான் டேப்பைத் திட்டுகிறார்கள்.

வேலை அறைக்குள் நுழையும் இடத்தில் நிலையை ஏறித் தாண்ட முடியாது, கதவு மூட வேண்டுமே. அங்கே கீல் பக்கம் அடியில், கதவுப் பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. கேபிள் நிலையின் காலை ஒட்டிக்கொண்டு அந்த இடுக்கில் போகிறது. கதவு எந்தக் கோணத்தில் நின்றாலும் கேபிளின் மேல் உரசுவதில்லை, கீல் பக்கம் யாரும் கால் வைப்பதுமில்லை. இடைவெளி இல்லாத வீடுகளில் தட்டைக் கேபிள் போடலாம். ஆனால் அதில் கம்பி மிக மெலிது, சின்ன தூரத்துக்கு மட்டுமே நல்லது. அதன் வழியே கேமராவுக்கோ அக்சஸ் பாயின்ட்டுக்கோ மின்சாரமும் அனுப்புவதாக இருந்தால் வேண்டாம்.

மூலைகளில் கேபிளை மடித்து அமுக்கக்கூடாது. வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப் போல நான்கு மடங்காவது, அதாவது இங்கே இரண்டரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உள் மூலைகளில் இது தானாகவே அமையும். ஹாலில் இருந்த ஒரே வெளி மூலையில் வளைவுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி, டைலின் முகத்தில் அகலமான கிளிப் ஒன்று வீதம் வைத்தோம். வளைவையே பிடிக்கப் போனால் உரிக்கும் விசை முழுதும் அந்தக் கிளிப்பில்தான் விழும்.

மிச்சம் இருந்தது பெட்டியிலிருந்து ஸ்கர்ட்டிங் வரை இறங்கும் ஐந்தடி. பட்டி உதிரும் அதே ஹால் சுவர். இங்கே சுவரைத் தொடாமல் முடியாது. பிரைமர் அடித்து இறுக்கலாம், ஆனால் சுவரில் பளபளவென்று ஒரு கோடு நிரந்தரமாகத் தெரியும். அதற்குப் பதிலாகக் கேசிங்கைச் சரியான நீளத்துக்கு வெட்டி ஸ்கர்ட்டிங்கின் மேல் விளிம்பில் தூண் மாதிரி நிற்க வைத்தோம். கேசிங், உள்ளே இருக்கும் கேபிள் இரண்டின் எடையும் டைல் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. மேலே சாயாமல் இருக்க இரண்டே இரண்டு சின்ன டேப், அதுவும் கமாண்ட் வகை, எடுக்கும்போது சுவரோடு இணையாக இழுத்தால் நீண்டு விட்டுக்கொடுக்கும் டேப்.

ஆர்.ஜே.45 முனைகள் போட்டு டெஸ்டரில் எட்டுக் கம்பியும் வரிசையாக எரிந்த பிறகு லேப்டாப்பில் பார்த்தது ஒரே எண்: 1000, அதாவது ஆயிரம் மெகாபிட், ஒரு கிகாபிட் வேகம். கிகாபிட் ஓட நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். எங்காவது கேபிள் நசுங்கி மற்ற இரண்டில் ஒரு ஜோடி போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால் நெட் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

அக்னி நட்சத்திரம் போயிற்று, ஐப்பசி மழையும் போயிற்று. டைல் மேல் இருந்த சிலிக்கான் சொட்டுகள் எதுவும் அசையவில்லை. நிலையில் இருந்த கேசிங்கும் அப்படியே. விட்டுப்போனது ஒன்றுதான்: ஹாலில் நிற்கும் கேசிங்கின் மேல் டேப், மழைக்காலத்தில் எதிர்பார்த்தபடியே ஒரு பெயின்ட் சில்லோடு பெயர்ந்து வந்தது. கேசிங் விழவில்லை, லேசாகச் சாய்ந்து நின்றது. செருப்பு ஸ்டாண்டை நான்கு அங்குலம் நகர்த்தி, சுவருக்குப் பதிலாக அதன் மரப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளச் சொன்னேன், அவரே செய்துகொண்டார்.

வீட்டைக் காலி செய்யும்போது எடுப்பது எப்படி என்று மறுபடி கூப்பிட்டார். சிலிக்கானை பிளேடைப் படுக்கையாகப் பிடித்துச் சீவ வேண்டும். நிலையில் உள்ள ஃபோம் டேப்பை நெம்பக் கூடாது. ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பையோ கெட்டி நூலையோ கேசிங்குக்குப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்தால் ஸ்பாஞ்சு அறுபடும், மிச்சத்தை விரலால் உருட்டி எடுத்துவிடலாம். ஹால் சுவரில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைத் தடம் மட்டும் நின்றது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். சென்னையில் அது ஒட்டினாலும் பிடிப்பது, ஒட்டாவிட்டாலும் பிடிப்பது.

கேபிளைச் சுருட்டி அவர் கையோடு எடுத்துப் போனார். அடுத்த வீடு பெரும்பாக்கத்தில், செங்கல் சுவர். ஆணி அடித்துக்கொள்ளலாம் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.